இந்த வேளைக்குப் போதும்

வயிற்று ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும்போதே சொல்லி அனுப்பிவிடுவார்கள்: காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும், காபிகூடக் கூடாது. காபியெல்லாம் ஒரு சாப்பாடா என்று அரை டம்ளர் குடித்துவிட்டுப் போய், "நாளைக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களில் நானும் ஒருவன். அன்று எரிச்சலாகத்தான் இருந்தது. ஆனால் நியாயம் அவர்கள் பக்கம். பாலில் உள்ள கொழுப்பு சிறுகுடலைத் தொட்டதும் ஒரு ஹார்மோன் இரத்தத்தில் இறங்குகிறது. அது பித்தப்பையைப் பிழிகிறது. இரவெல்லாம் பித்தநீர் சேர்ந்து உப்பியிருந்த பை சுருங்கிவிட்டால், உள்ளே கல் இருக்கிறதா என்று திரையில் தேடுவது கடினம்.

அந்த ஹார்மோனின் பெயர் கோலிசிஸ்டோகைனின். சுருக்கமாக சி.சி.கே. என்பார்கள். அது போய் ஒட்டிக்கொள்ளும் புரதத்துக்கு சி.சி.கே. முதல் ஏற்பி என்று பெயர். பித்தப்பைத் தசையில் இருக்கும் இதே ஏற்பி, வயிற்றிலிருந்து மூளைக்குப் போகும் வேகஸ் நரம்பிலும் இருக்கிறது. அங்கே அதன் வேலை, சாப்பிட்டது போதும் என்று மேலே சொல்லியனுப்புவது. இது தெரியவந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இந்த ஏற்பியைத் தூண்டும் மாத்திரை ஒன்று செய்துவிட்டால் உடல் பருமனுக்கு விடிவு பிறந்துவிடும் என்று மருந்து நிறுவனங்கள் நெடுநாள் நம்பின. அந்த மாத்திரை வரவேயில்லை. ஏன் வரவில்லை? ஏற்பியிடம் குறையில்லை, அதனிடம் எதிர்பார்த்ததுதான் தப்பு என்பது என் கட்சி. அதற்கான ஆதாரங்களை இங்கே தொகுத்துப் பார்க்கலாம்.

முதலில் ஹார்மோன். 1902-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் வில்லியம் பேலிஸும் எர்னஸ்ட் ஸ்டார்லிங்கும், நரம்புத் தொடர்பை அறுத்த ஒரு நாயின் குடல் துண்டில் அமிலத்தை விட்டார்கள். கணையம் சுரந்தது. நரம்பு இல்லாமலே சேதி போயிருக்கிறது. இரத்தத்தின் வழியாகத்தான் போயிருக்க வேண்டும். அந்தப் பொருளுக்கு செக்ரீட்டின் என்று பெயர் வைத்தார்கள். மூன்று ஆண்டு கழித்து ஸ்டார்லிங் தன் உரை ஒன்றில் 'ஹார்மோன்' என்ற சொல்லைப் புழக்கத்தில் விட்டார். இன்சுலினுக்கும் தைராய்டுக்கும் நாம் சொல்லும் அந்தச் சொல் பிறந்த வீடு குடல்.

1928-ல் சிகாகோவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தில் ஆண்ட்ரூ ஐவி, எரிக் ஓல்ட்பெர்க் இருவரும் பித்தப்பையைச் சுருக்கும் பொருளும் குடலிலிருந்தே வருகிறது என்று காட்டினார்கள். பித்தம், பை, அசைவு என்ற மூன்று கிரேக்கச் சொற்களைக் கோத்து கோலிசிஸ்டோகைனின் என்ற நீளமான பெயரைச் சூட்டினார்கள். (நாஜி மருத்துவர்கள் மீது நியூரம்பெர்க்கில் நடந்த விசாரணையில் சாட்சி சொன்னவர் இதே ஐவிதான். பிற்காலத்தில் கிரெபியோசென் என்ற போலிப் புற்றுநோய் மருந்துக்கு வக்காலத்து வாங்கிச் சேர்த்த பேரைக் கெடுத்துக்கொண்டார். அது வேறு கதை.) 1943-ல் மான்செஸ்டரில் ஹார்ப்பரும் ரேப்பரும், கணையத்திலிருந்து நொதிகளை வெளியே தள்ளும் இன்னொரு குடல் ஹார்மோனைக் கண்டதாக எழுதி, பான்கிரியோசைமின் என்றார்கள். ஏறக்குறைய இருபது ஆண்டு, பாடநூல்களில் இரண்டும் தனித்தனி ஆட்களாகவே உலவின.

இரண்டும் ஒருவரே என்று காட்டியது ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனம். எரிக் யோர்ப்பஸும் விக்டர் முட்டும் பன்றிக் குடலிலிருந்து ஹார்மோனைச் சுத்திகரித்துக்கொண்டே போனார்கள். எவ்வளவு சுத்தமாக்கினாலும் பித்தப்பையைச் சுருக்கும் ஆற்றலும் கணையத்தைத் தூண்டும் ஆற்றலும் பிரியாமல் சேர்ந்தே வந்தன. 1966-ல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பே, இரண்டும் ஒரே ஹார்மோன்தானா என்று கேள்விக்குறியோடு முடியும். விடை ஆமாம்தான். அவர்கள் பிரித்தெடுத்த ஹார்மோன் 33 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. அதன் கடைசி எட்டு மட்டும் இருந்தாலே வேலை நடந்துவிடும். அந்த எட்டில் டைரோசின் என்ற ஒன்றின் மேல் ஒரு சல்பேட் ஒட்டியிருக்க வேண்டும். கடைசி ஐந்து, இரைப்பையில் அமிலம் சுரக்கவைக்கும் காஸ்ட்ரினின் கடைசி ஐந்தோடு அச்சு அசலாக ஒத்துப்போகிறது. ஆஸ்திரேலியாவின் பச்சை மரத்தவளை ஒன்றின் தோலிலும் ஏறத்தாழ இதே வால் கொண்ட பொருள் இருக்கிறது. இத்தாலியரான விட்டோரியோ எர்ஸ்பாமரின் குழு 1960-களில் அதைக் கண்டெடுத்து செருலீன் என்றது. குடலில் ஒரு வேலைக்கு, தவளைத் தோலில் வேறு வேலைக்கு. இயற்கைக்குப் பழைய பாத்திரத்தைத் தூக்கிப்போட மனசு வராது.

சல்பேட் விஷயத்தைச் சும்மா சொல்லவில்லை. ஏற்பிகள் இரண்டு என்பது அதனால்தான் பிடிபட்டது. 1980-களில் கணையத்தையும் மூளையையும் ஒப்பிட்டபோது, கணைய ஏற்பி சல்பேட் இல்லாத ஹார்மோனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. மூளையில் மிகுதியாக இருந்த ஏற்பி சல்பேட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஏற்றுக்கொண்டது, காஸ்ட்ரினையும் சேர்த்து. முதலாவதை 'ஏ' என்றும் அடுத்ததை 'பி' என்றும் அழைத்தார்கள். இப்போது ஒன்று, இரண்டு. இரண்டாம் ஏற்பியின் வேலைகளில் இரைப்பை அமிலம் ஒன்று, கலக்கம் இன்னொன்று. மான்ட்ரியாலில் ஆரோக்கியமான ஆட்களுக்கு சி.சி.கே.யின் கடைசி நான்கு அமினோ அமிலங்களை ஊசியாகப் போட்டபோது, சிறிது நேரத்திலேயே நெஞ்சு படபடத்து உயிர்போகும் பயம் பிடித்துக்கொண்டது. நம் விஷயம் முதல் ஏற்பி. 1992-ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் ஸ்டீபன் வாங்க்கின் குழு எலிக் கணையத்திலிருந்து அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தது. மனிதரில் அது நான்காம் குரோமோசோமில் இருக்கிறது. 428 அமினோ அமிலங்கள், செல் சவ்வை ஏழு முறை ஊடுருவிப் போகும் புரதம்.

ஹார்மோன் வெளியே வந்து ஒட்டினால் உள்ளே கால்சியம் பெருகும். சேதி அவ்வளவுதான். அதற்கு அர்த்தம் கொடுப்பது செல். பித்தப்பைத் தசைக்குக் கால்சியம் என்றால் சுருங்கு. கணையச் செல்லுக்கு, மூட்டை கட்டி வைத்திருக்கும் நொதிகளை அவிழ்த்துவிடு. வேகஸ் நரம்புக்கு, மூளைத்தண்டுக்குத் தகவல் அனுப்பு. கொழுப்பும் புரதமும் முன்சிறுகுடலில் இறங்கும் நேரம் பார்த்து பித்தநீரும் நொதிகளும் வந்து சேர்கின்றன, இரைப்பை தன் வாசலை இறுக்கி மிச்சத்தை மெல்ல மெல்ல அனுப்புகிறது, சாப்பிடுகிறவருக்கும் கை தளர்கிறது. குடலுக்கு ஒரே நேரத்தில் எவ்வளவு வந்தால் தாங்கும் என்ற ஒரே கணக்கின் வெவ்வேறு பக்கங்கள் இவை. 'போதும்' என்பதும் அந்தக் கணக்கின் ஒரு வரி. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே போனால், பின்னால் வரும் தோல்விகள் ஆச்சரியம் தராது.

பசி அடங்கும் கதை 1973-ல் தொடங்குகிறது. கார்னெல் மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ஜேம்ஸ் கிப்ஸ், ராபர்ட் யங், ஜெரார்ட் ஸ்மித் மூவரும் பட்டினி கிடந்த எலிகளுக்கு சி.சி.கே. ஊசி போட்டுச் சாப்பாடு வைத்தார்கள். எலிகள் குறைவாகத் தின்றன. குமட்டலால்கூட அப்படி இருக்கலாமே என்ற சந்தேகம் உடனே வரும், அவர்களுக்கும் வந்தது. எலியின் இரைப்பையில் துளையிட்டு, விழுங்கிய திரவ உணவு அப்படியே வெளியே வழிந்துபோகும்படி செய்தார்கள். அப்படிப்பட்ட எலி ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது போலக் குடித்துக்கொண்டே இருக்கும். அதற்கு சி.சி.கே. கொடுத்ததும் நிறுத்தியது. முகம், மயிரைத் துடைத்துச் சுத்தம் செய்துகொண்டது, கொஞ்சம் உலாவியது, படுத்துத் தூங்கிவிட்டது. வயிறார உண்ட எலி எந்த வரிசையில் இதையெல்லாம் செய்யுமோ அதே வரிசையில். 1975-ல் வெளியான இந்தச் சோதனைதான், என் கணக்கில், இந்தத் துறை முழுவதிலும் மிக அழகானது. மயிரைத் துடைப்பதையும் உலாவுவதையும் உட்கார்ந்து பார்த்துக் குறித்ததில்தான் அதன் பலம்.

1981-ல் ஸ்மித் குழு வயிற்றுக்குப் போகும் வேகஸ் கிளைகளை அறுத்துப் பார்த்தது. சி.சி.கே.யின் பாச்சா பலிக்கவில்லை. ஆக, வயிற்று நரம்பு வழியாகத்தான் சேதி மூளைக்குப் போகிறது. அதே ஆண்டு, மனிதர்களுக்கு இந்த எட்டு அமினோ அமிலத் துண்டை இரத்தத்தில் ஏற்றிச் சாப்பிடச் சொன்னபோது அவர்களும் சீக்கிரமே நிறுத்திவிட்டார்கள். உற்சாகம் கரைபுரண்டது. நோபல் பரிசு பெற்ற ரோசலின் யாலோகூட இந்த வெள்ளத்தில் இறங்கினார். பிறவியிலேயே கொழுத்துப் பருக்கும் ஒரு சுண்டெலி வகையின் மூளையில் சி.சி.கே. குறைவாக இருக்கிறது என்று 1979-ல் அவரும் ஸ்ட்ராஸும் எழுதினார்கள். வேறு ஆய்வகங்கள் அளந்தபோது குறைவு எதுவும் தென்படவில்லை. அந்தச் சுண்டெலியிடம் இல்லாதது லெப்டின் என்ற வேறொரு ஹார்மோன் என்பது 1994-ல்தான் தெரிந்தது.

உற்சாகத்துக்கு முதல் குளிர்நீர் 1984-ல் வந்தது. வெஸ்ட், ஃபே, உட்ஸ் மூவரும் எலிகள் தின்னத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் தானாக சி.சி.கே. உள்ளே போகும்படி ஒரு கருவியை அமைத்து, நாள்கணக்கில் விட்டுவைத்தார்கள். ஒவ்வொரு வேளையும் சிறுத்தது. ஒருமுறைகூட ஏமாற்றவில்லை, ஊசி பலித்துக்கொண்டே இருந்தது. ஆனால் எலிகள் மூன்று தரம் தின்ற இடத்தில் ஐந்து தரம் தின்பதுபோல அடிக்கடி வந்து, நாளின் மொத்தக் கணக்கைச் சரிக்கட்டிக்கொண்டன. இடைவிடாமல் ஏற்றிக்கொண்டே இருந்தாலோ உடல் மரத்துப்போய் ஹார்மோனைச் சட்டை செய்வதை விட்டுவிட்டது. விரதமிருந்துவிட்டு மறுநாள் விடியுமுன் அடுப்படியைத் துழாவிய அனுபவம் உள்ளவர்களுக்கு இந்த எலிகளைப் புரிந்துகொள்வது சிரமமில்லை.

என்னைக் கேட்டால், கேள்விக்கான விடை அன்றே வந்துவிட்டது. இந்த ஏற்பி சொல்லும் 'போதும்', இந்த வேளைக்கு மட்டும். உடம்பில் மொத்தம் எவ்வளவு கொழுப்பு இருக்கலாம் என்ற பேரேட்டை வைத்திருப்பது வேறு ஆள்.

ஆனால் அவ்வளவு எளிதாக முடித்துவிட முடியாதபடி ஜப்பானிலிருந்து ஓர் எலி வந்தது. தோகுஷிமாவில் ஒட்சுகா நிறுவனத்தில் வளர்க்கப்பட்ட ஒரு வகை. 1992-ல் உலகுக்கு அறிமுகமானது. கொழுத்துப் பருக்கும், வயதானால் நீரிழிவும் வரும். ஆராய்ந்து பார்த்தால் அதற்கு முதல் ஏற்பியின் மரபணுவே சிதைந்திருந்தது. ஒவ்வொரு வேளையும் அளவுக்கு மீறித் தின்றது. தின்னும் தடவைகளைக் குறைத்துக்கொண்டாலும் கணக்கு நேராகவில்லை. ஏற்பி இல்லையென்றால் பருமன் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது. அந்தச் சமயத்தில், 1999-ல், ஆலன் கோப்பின் குழு அதே ஏற்பியைச் சுண்டெலியில் நீக்கிப் பார்த்தது. சி.சி.கே. ஊசிக்கு அது மசியவில்லை, எதிர்பார்த்ததுதான். எடையோ சாதாரணம்! எலி பருக்கிறது, சுண்டெலி பருக்கவில்லை.

இந்த முடிச்சை ஜான்ஸ் ஹாப்கின்ஸில் திமோத்தி மோரன் குழு ஓரளவு அவிழ்த்தது. எலிக்கு வயிற்று நரம்பில் மட்டுமன்றி மூளையில் ஹைப்போதலாமஸின் ஒரு பகுதியிலும் இந்த ஏற்பி இருக்கிறது. பசியைத் தூண்டும் நியூரோபெப்டைட் ஒய் என்ற பொருளை அங்கே அது அடக்கி வைக்கிறது. சுண்டெலிக்கு அந்த இடத்தில் ஏற்பி இல்லை, ஆகவே இழக்கவும் ஒன்றுமில்லை. ஜப்பானிய எலியின் பருமனுக்கு, வயிற்றின் 'போதும்' அறுந்துபோனது பாதிக் காரணமே. மனிதர் எந்தப் பக்கம்? பித்தக்கற்களும் பருமனும் சேர்ந்திருந்த ஒரு நோயாளியிடம் இந்த ஏற்பியின் செய்தி ஆர்.என்.ஏ. பிசகாக வெட்டப்பட்டிருந்ததை 1995-ல் விவரித்திருக்கிறார்கள். ஒரே ஒரு நோயாளியை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத முடியாது.

எலியா சுண்டெலியா மனிதரா என்ற இந்தத் தடுமாற்றம் கணையத்திலும் உண்டு. எலியின் கணையச் செல்லில் ஏற்பிகள் ஏராளம், ஹார்மோன் நேராக வந்து தட்டுகிறது. செருலீனை அளவுக்கு மீறிக் கொடுத்தால் கணையம் தன்னைத்தானே செரித்துக்கொண்டு வீங்கும். கணைய அழற்சியை ஆராய்கிறவர்கள் இன்றும் இந்த வழியைத்தான் கையாள்கிறார்கள். மனிதக் கணையத்தில் நேர்த் தட்டலைவிட வேகஸ் நரம்பின் வழியே வரும் தூண்டுதல்தான் முக்கியம் என்று ஒரு சாரார் வாதிடுகிறார்கள். மனிதச் செல்லும் நேரடியாகவே பதில் சொல்கிறது என்று இன்னொரு சாரார் காட்டியிருக்கிறார்கள். எலியில் கண்டதை மனிதருக்கு அப்படியே ஒட்டவைக்கும் அவசரத்துக்கு இதைவிட நல்ல எச்சரிக்கை கிடைக்காது.

எச்சரிக்கையையும் மீறி மருந்துகள் வந்தன. ஏற்பியைத் தடுக்கும் மருந்துகள் முதலில்: ஆஸ்பெர்ஜில்லஸ் பூஞ்சை ஒன்றிலிருந்து மெர்க் நிறுவனம் 1985-ல் கண்ட ஆஸ்பெர்லிசின், அதைச் செதுக்கிச் செய்த டெவாசெபைட். இவை ஆய்வுக்குப் பெரிதும் உதவின. டெவாசெபைட் கொடுத்த எலிகள் கூடுதலாகத் தின்றன. வெளியிலிருந்து ஏற்றும் ஹார்மோன் மட்டுமின்றி உடலே சுரக்கும் சி.சி.கே.யும் சாப்பாட்டை நிறுத்துகிறது என்பதற்கு அதுதான் சாட்சி. பிறகு தூண்டும் மருந்துகள். கிளாக்ஸோஸ்மித்க்ளைன் தயாரித்த, எண்ணால் மட்டுமே அறியப்பட்ட ஒரு மாத்திரை, எடை மிகுந்த 701 பேரிடம் 24 வாரம் சோதிக்கப்பட்டது. முடிவு 2008-ல் வெளிவந்தது: மாவு மாத்திரை விழுங்கியவர்களைவிட அதிகமாக யாரும் இளைக்கவில்லை. எலிகள் 24 ஆண்டு முன்பே சொன்னதைக் கேட்க 701 பேர் அரை வருஷம் மாத்திரை விழுங்க வேண்டியிருந்தது.

இதற்கிடையே பக்கத்து வீட்டுக் குடல் ஹார்மோன் ஒன்று மேடையைப் பிடித்துக்கொண்டது. ஜி.எல்.பி.-1 ஏற்பியைத் தூண்டும் செமாக்ளூடைட், 2021-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில் 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடையைக் குறைத்தது. இதுவும் குடலில் பிறக்கும் ஹார்மோன், இதுவும் வயிற்றை மெதுவாக்கும். எங்கே வித்தியாசம்? இயற்கையான சி.சி.கே. இரத்தத்தில் சில நிமிடம்தான் இருக்கும். சாப்பாட்டோடு வந்து சாப்பாட்டோடு போகும். செமாக்ளூடைட் ஒரு வாரம் தங்கி, மூளையில் பேரேடு வைத்திருக்கும் பகுதிகளையே போய்த் தொடுகிறது. வேளைக்கு வேளை வந்து சொல்லிவிட்டுப் போகும் ஆளுக்கும் வீட்டோடு தங்கிவிட்ட ஆளுக்கும் உள்ள வித்தியாசம். இதில் ஒரு வேடிக்கை: இந்தப் புதிய மருந்துகள் பித்தக்கோளாறுகளைக் கொஞ்சம் கூட்டுகின்றன என்பது 76 சோதனைகளைத் தொகுத்த 2022-ம் ஆண்டு ஆய்வில் தெரிந்தது. வேகமாக இளைப்பது ஒரு காரணம். பித்தப்பை சரியாகக் காலியாகாதது இன்னொன்று. எண்ணெய் நெய் எதுவுமே கூடாது என்று கடும் பத்தியம் பிடித்து மளமளவென்று இளைப்பவர்களுக்குக் கல் வருவதும் இதே வழியில்தான். கொழுப்பு இறங்காத குடல் சி.சி.கே.யைப் போதிய அளவு விடுவதில்லை, பிழியப்படாத பை தேங்குகிறது, தேங்கியது கெட்டியாகிறது. ஒரு வேளையில் பத்து கிராம் அளவு கொழுப்பாவது இருந்தால் பை ஒழுங்காகக் காலியாகும் என்பார்கள். இரண்டு தேக்கரண்டி எண்ணெய்.

முதல் ஏற்பியைப் பற்றி இப்போது எனக்குச் சுவாரஸ்யமாகத் தோன்றுவதும் இந்தப் பித்தப்பை வழிதான். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் லாரன்ஸ் மில்லர் குழு கண்டது இது: செல் சவ்வில் கொலஸ்ட்ரால் மிகுந்துவிட்டால், ஹார்மோன் ஏற்பியை முன்னைவிட இறுக்கமாகப் பிடித்துக்கொள்கிறது, ஆனால் உள்ளே போகும் சேதி மங்கிவிடுகிறது. கொலஸ்ட்ரால் கல் உள்ளவர்களின் பித்தப்பை மந்தமாகச் சுருங்குவதற்கு இது பொருந்துகிறது. இரண்டாம் ஏற்பிக்கு இந்தப் பலவீனம் இல்லை. முதல் ஏற்பி நீக்கப்பட்ட சுண்டெலிகளுக்கு கல் உண்டாக்கும் தீனி கொடுத்தபோது மற்றவற்றைவிட எளிதாகக் கல் கட்டியதையும் இத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். 2021-ல் உறைகுளிர் மின்னணு நுண்ணோக்கியில் ஹார்மோனோடு கைகோத்த நிலையில் ஏற்பியின் வடிவம் வெளியானது. மங்கிய ஏற்பியை மட்டும், உடலின் சொந்த ஹார்மோன் வந்து தட்டும் நேரத்தில் மட்டும், கொஞ்சம் கூர்மையாக்கும் மருந்தை மில்லர் குழுவினர் தேடுகிறார்கள். நாள் முழுக்க ஏற்பியைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்த பழைய மாத்திரைகளைவிட இது புத்திசாலித்தனம். ஆனால் இதையும் இளைக்கவைக்கும் மருந்தென்று விற்கக் கிளம்பினால், வெஸ்ட்டின் எலிகள் மறுபடி சிரிக்கும்.

இன்றைய நிலவரம் இதுதான். இந்த ஏற்பியைத் தூண்டும் மருந்தாக மருத்துவமனையில் புழங்குவது சின்கலைடு என்ற ஊசி. முட் கண்ட சங்கிலியின் கடைசி எட்டு அமினோ அமிலங்கள், சல்பேட் உட்பட. கல் எதுவும் தென்படாமல் வலது விலாவின் கீழ் வலிக்கிறது என்று வருகிறவருக்கு அதை ஒரு மணி நேரம் மெல்ல ஏற்றி, பித்தப்பை எவ்வளவு காலியாகிறது என்று கதிரியக்க ஸ்கேனில் அளக்கிறார்கள். 38 சதவீதத்துக்குக் குறைந்தால் பித்தப்பை சரியாகச் சுருங்கவில்லை என்று எழுதிக் கொடுப்பார்கள்.